மார்க்கென் இப்போது தீவு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கத்தில் ஐரோப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஐரோப்பாவைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்று அதன் கடைசிப் பத்தியில் ஒரு வரி. எழுதியவர் இளையவர் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வரியை அச்சுக்கு அனுப்பியவர் நீங்கள். உங்கள் இதழை முப்பத்தோரு வருடமாகக் காசு கொடுத்து வாங்குகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தென்காசிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. வலது கையும் காலும் வராது. தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவளைக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, டிவியில் ஒரு பழைய பயணப் படம் போடுவேன். சில நாள் பத்து நிமிடம், சில நாள் அரை மணி. எந்த ஊர் என்று அவள்தான் சொல்வாள். பேச்சு குழறும். ஆனாலும் "ஹாலந்து" என்று அவள் சொன்னால் எனக்குப் புரிந்துவிடும்.

ஹாலந்து என்றால் எங்களுக்கு மார்க்கென். ஸாய்டர்ஸே என்ற உள்கடலுக்குள் இருந்த சின்னத் தீவு. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டின் மேலும் மரக்கால்களின் மேலும் வீடு கட்டியிருப்பார்கள். அந்தக் காலப் படங்களில் மீன்பிடிப் படகுகள் பாய் விரித்து நிற்கும், பெண்கள் கொடியில் துணி உலர்த்துவார்கள். அங்கே சின்னப் பையன்களுக்கும் பாவாடை கட்டிவிடும் வழக்கம் இருந்தது. அதை முதல்முறை பார்த்தபோது என் மனைவி சுவரைக் காட்டினாள். அங்கே எங்கள் மகன் ஒரு வயதில் சடை வைத்துப் பாவாடை சட்டையோடு நிற்கிற ஸ்டூடியோ போட்டோ மாட்டியிருக்கிறது. அன்றைக்குத்தான், நோய் வந்த பிறகு, அவள் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

சரி, கட்டுரையாளருக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். 1932-ல் டச்சுக்காரர்கள் முப்பத்திரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அணையைப் போட்டு அந்தக் கடலின் வாயை அடைத்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர் போய் நல்ல தண்ணீர் ஏரியானது. ஸாய்டர்ஸே என்ற பெயரும் போய் ஐசல்மேர் என்றானது. கடல் மீனை நம்பியிருந்த ஊர்களின் பிழைப்பு மாறிப்போனது. 1957-ல் மார்க்கெனுக்குக் கரையிலிருந்து சாலையும் வந்துவிட்டது. இன்றைக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். கட்டுரையாளர் தாராளமாகப் போய் இறங்கட்டும். ஆனால் மார்க்கென் தீவுக்கு அவரால் போக முடியாது. எத்தனை யூரோ கொடுத்தாலும் அந்தக் கடலில் இறங்க முடியாது. நானும் என் மனைவியும் போன செவ்வாய்க்கிழமை போய் வந்தோம்.

ரோன் பனியாற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் பனியாறு வரைந்திருக்கிறேன், ஒரு பனியாற்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா கணவாய்ச் சாலையில், கொண்டை ஊசி வளைவில் பெல்வெடேர் என்று ஒரு பழைய ஓட்டல் நிற்கிறது. 1880-களில் கட்டியது. ஒரு காலத்தில் பனிக்கட்டி அந்த ஓட்டலின் பக்கத்திலேயே மலைபோல இறங்கிக் கிடந்தது. பழைய படங்களில் அந்தப் பனியைப் பார்க்கும்போது, பாடப்புத்தகத்தில் நான் நடத்தியது அத்தனையும் உயிரோடு நகர்ந்து வருவது போல இருக்கும். இப்போது பனி எங்கோ மேலே பின்வாங்கிவிட்டது, அதன் அடியில் புதிதாக ஒரு ஏரி. மிச்சம் இருக்கிற பனியில் ஒரு பகுதியாவது உருகாமலிருக்கக் கோடையில் வெள்ளைப் போர்வை போர்த்தியிருக்கிறார்கள். அந்தப் போர்வையைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முன்பு யுகோஸ்லாவியாவில் இருந்த, இப்போது போஸ்னியாவில் இருக்கிற மோஸ்தார் பாலமும் அப்படித்தான். 1566-ல் கட்டிய ஒற்றை வளைவுக் கல் பாலம். 427 வருடம் நின்றது. 1993 நவம்பர் 9 அன்று பீரங்கியால் அடித்து நெரெத்வா ஆற்றில் தள்ளினார்கள். 2004-ல் திரும்பக் கட்டிவிட்டார்கள், இளைஞர்கள் இன்றும் அதிலிருந்து ஆற்றில் குதிக்கிறார்கள், சந்தோஷம். ஆனாலும் யுகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்தபோது எடுத்த படத்தில் தெரிவதுதான் அந்தப் பழைய பாலம்.

இந்தப் படங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல படங்கள் சுற்றுலாப் பயணிகளை இழுப்பதற்கென்றே எடுத்தவை. ஹிட்லர் ஆட்சியில், 1936-ல் பெர்லினை எடுத்த படத்தில் தெருவெல்லாம் சுத்தமாக இருக்கும், வீடுகளில் கொடி தொங்கும். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் யார் பயந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று படம் சொல்லாது. வரலாறு தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன்.

நேரில் போக நாங்கள் முயற்சி செய்யாமலும் இல்லை. 2017-ல், அவள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தபோது, விசாவுக்கு விண்ணப்பித்தோம். ஆளுக்கு 60 யூரோ கட்டணம். வங்கிக் கணக்கு, ஓய்வூதியப் புத்தகம், வீட்டுப் பத்திரம் எல்லாம் கொடுத்தோம். நாங்கள் ஊர் திரும்புவோம் என்பதில் நம்பிக்கை இல்லை என்று அச்சடித்த தாளில் ஒரு கட்டத்தில் குறி போட்டு அனுப்பிவிட்டார்கள். கட்டிய பணமும் வரவில்லை. அன்றைக்கு அவள் பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மடித்து வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்ற சொல் எங்கே போய்க் குத்தியது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் இன்னொன்று. சென்ற வருடம் உங்கள் இதழில் "பழைய பாரிஸ்" என்று ஒரு முழுப்பக்க வண்ணப்படம் வந்தது. ஆண்டு இல்லை, எங்கிருந்து எடுத்தது என்றும் இல்லை. ஒரே மாதிரி வெளிறிய முகங்களையும் தட்டையான நீல வானத்தையும் பார்த்தால், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கம்ப்யூட்டர் பூசிய வண்ணம் என்று தெரிகிறது. பழங்காலத்தில் வண்ணப்படமே கிடையாது என்றால் அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 1907-லேயே லூமியேர் சகோதரர்கள் உருளைக்கிழங்கு மாவுத் துகளில் சாயம் ஏற்றி வண்ணப்பட கண்ணாடித் தகடு விற்றார்கள். ஆல்பெர் கான் என்ற பாரிஸ் வங்கிக்காரர் தன் சொந்தப் பணத்தில் 1909 முதல் 1931 வரை உலகம் முழுக்க ஆள் அனுப்பி அப்படி 72,000 தகடுகள் எடுக்க வைத்தார். 1920-களில் கிளாட் ஃப்ரீஸ்-கிரீன் என்பவர் இங்கிலாந்தின் தென்கோடியிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடி வரை காரில் போய் வண்ணத்திலேயே சினிமாப் படம் எடுத்தார். உண்மையான வண்ணம் இத்தனை இருக்கும்போது, பொய் வண்ணத்தைப் பெயரில்லாமல் போட்டால் எங்கள் பிள்ளைகள் எதை நம்புவது?

அப்போதும் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதைக்காக முதலில் எழுதியிருந்த "தங்கள் படத் தேர்வு கவனத்தை ஈர்த்தது" என்ற வரியை மட்டும் எடுத்துப் பாராட்டுக் கடிதங்களோடு போட்டுவிட்டீர்கள். ஊரில் இரண்டு பேர் என்னிடம் அதைக் காட்டி வாழ்த்துச் சொன்னார்கள். நான் என்ன பதில் சொல்வது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய படம் எதைப் போட்டாலும் அதன் கீழே ஊர், ஆண்டு, வண்ணம் அசலா பூசியதா என்ற மூன்று தகவலையும் சின்ன எழுத்தில் போடுங்கள். ஒரு வரி போதும். கட்டுரையாளரிடம் மார்க்கென் விஷயத்தையும் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தையும் இடம் கருதிச் சுருக்குவதாக இருந்தால் விசா பத்தியை எடுத்துவிடுங்கள், பரவாயில்லை. ஸாய்டர்ஸே பத்தியில் கை வைக்க வேண்டாம். அதை என் மனைவிக்குப் படித்துக் காட்டிவிட்டேன். அச்சில் பார்க்கக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்,
தென்காசி