நிகழ்ச்சி அறிவிப்புடன் நாட்காட்டி இணைப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நூல் வெளியீடு, மருத்துவ முகாம், இலக்கியக் கூட்டம் என எந்த அறிவிப்பானாலும் இன்று அது வாட்ஸ்அப்பில் படமாகவே வந்து சேர்கிறது. படத்திலுள்ள நாளையும் நேரத்தையும் படிப்பவர்தாம் தம் கைப்பேசி நாட்காட்டியில் தட்டெழுத வேண்டியிருக்கிறது. முதியவர்களுக்கு இது பெரும் சிரமம். சொடுக்கியதும் இவ்விவரங்கள் நிரம்பிய பக்கம் திறக்கும்படி ஓர் இணைப்பைக் கூகுள் காலண்டருக்கு எவரும் கட்டணமின்றி உருவாக்கலாம்.

நிகழ்ச்சியின் பெயர், நேரம், இடம் ஆகியவை அந்த இணைப்பின் முகவரியிலேயே அடங்கிவிடுகின்றன. கவனம் வேண்டியது நேரத்தில்தான். நேரத்தின் இறுதியில் 'இசட்' என்ற ஆங்கில எழுத்து நின்றால் அது உலகப் பொது நேரத்தைக் குறிக்கும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது ஆகையால், மாலை 6 மணிக் கூட்டத்துக்கு 18:00 என்று எழுதி அவ்வெழுத்தையும் சேர்த்துவிட்டால், அழைப்பு இரவு 11.30 மணிக்கென்று பதிவாகிவிடும். அவ்வெழுத்துடன் 12:30 என்று சரியாகக் கொடுத்தாலோ, சிங்கப்பூரிலிருந்து இணையவழியில் கலந்துகொள்பவருக்கு அவ்வூர் நேரப்படி இரவு 8.30 எனத் தானாகவே காட்டும்.

தமிழ் எழுத்துகள் முகவரியில் குறிகளாக விரிவதால், 'க' ஒன்றே 9 குறிகளாகிவிடுகிறது. எனவே நீண்ட விவரங்களுக்கு, நிகழ்ச்சி விவரங்களைத் தாங்கிய ஐசிஎஸ் (.ics) கோப்பே உகந்தது; நாட்காட்டி விவரங்களைப் பரிமாற 1998-இல் வகுக்கப்பட்ட ஐகேலண்டர் தரத்தைச் சார்ந்த அக்கோப்பை ஆப்பிள், அவுட்லுக் நாட்காட்டிகளும் ஏற்கும்.

தங்கள் இணையப் பதிப்பில் வெளியாகும் ஒவ்வொரு நிகழ்ச்சி அறிவிப்பின் கீழும் இத்தகைய இணைப்பைச் சேர்க்குமாறும், அறிவிப்பு அனுப்பும் அமைப்புகளிடமும் அதைக் கேட்டுப் பெறுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்.