எந்த மழை என்று சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வானிலை முன்னுரைப்பைப் படிப்பதைவிடச் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பது மேல் என்று சென்ற வாரம் இப்பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய சலிப்பு புரிகிறது. ‘பிற்பகலில் இடியுடன் கூடிய மழை’ என்று அறிவித்த நாளில், அங் மோ கியோவில் எங்கள் வீட்டு மூங்கில் கழியில் போட்ட துணி மொரமொரவென்று காய்ந்து கிடக்க, ஈசூனிலிருந்து மகள் அழைத்து அங்கே ஊற்றோ ஊற்றென்று ஊற்றுவதாகச் சொல்வாள். ஆனாலும் பழியை முன்னுரைப்பின் மேல் போடுவது நியாயமன்று. சிங்கப்பூரில் பெய்வது ஒரே வகை மழையன்று. எந்த மழையை எவ்வளவு முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பதும் வகைக்கு வகை மாறுகிறது.

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், வடக்கே திரளும் குளிர்காற்று வலுப்பெற்றுத் தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும்போது, நாள்கணக்கில் விடாமல் மழை பெய்கிறது. மூத்தவர்கள் இன்றும் பேசும் 1978 டிசம்பர் வெள்ளம் அந்தப் பருவத்தில் வந்ததுதான். பாய லேபாரில் 24 மணி நேரத்தில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஆண்டு முழுவதும் சராசரியாக 2,100 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் மழை பெறும் தீவில், ஏறத்தாழ அதில் கால்பங்கு ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. எழுவர் உயிரிழந்தனர். இத்தகைய காற்றுப் பெருக்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிந்து கிடப்பதால், அதைச் சில நாள்களுக்கு முன்பே கண்டுகொள்ள முடிகிறது. 2025 ஜனவரியில் சாங்கியில் மாதச் சராசரிக்கும் மேற்பட்ட மழை இரண்டே நாளில் பெய்தபோது, வானிலை ஆய்வகம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. (பருவக்காற்று என்றாலே மழை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை நீடித்த வறட்சியும் அதே பருவக்காற்றுக் காலத்தில் வந்ததுதான்.)

சுமத்ராக் காற்று வேறு வகை. சுமத்ரா தீவிலோ மலாக்கா நீரிணையிலோ வரிசையாகத் திரண்ட இடிமேகங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ நம்மை வந்தடைகின்றன. ரேடாரில் அவை வருவது சில மணி நேரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். வழியில் வலுவிழக்குமா, 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மணிக்கு 83 கிலோமீட்டர் வேகத்தில் வீசி மரங்களைச் சாய்த்ததுபோல் சீறுமா என்பதுதான் கடைசிவரை உறுதியாகத் தெரிவதில்லை.

வாசகரைச் சலிப்படையச் செய்தது மூன்றாவது வகையாகத்தான் இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் நிலம் சூடேற, இரு திசைக் கடற்காற்றுகள் சந்திக்கும் இடத்தில் மேகம் மளமளவென்று வளர்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் பெய்து கலைந்துவிடுகிறது. அன்று இத்தகைய மேகம் எழும் என்று காலையில் சொல்லலாம். அது ஜூரோங்கிலா தெம்பனிசிலா என்று எந்தக் கணினியாலும் அப்போதே சொல்லிவிட முடியாது.

ஆகவே, தங்கள் நாளிதழின் வானிலைக் கட்டத்தில் மேகப் படத்துக்கும் வெப்பநிலைக்கும் கீழே, எதிர்பார்க்கப்படுவது எந்த மழை என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டுகிறேன். ஆங்கிலச் செயலிகளைத் திறந்து பார்க்கும் பழக்கமில்லாத மூத்தோர் பலர் காலையில் முதலில் புரட்டுவது தமிழ் நாளிதழைத்தான். ‘பருவக்காற்று மழை, மூன்று நாள் நீடிக்கலாம்’ என்றிருந்தால் மருத்துவமனைச் சந்திப்பைக்கூடத் தள்ளிப்போடலாம். ‘பிற்பகல் இடிமழை, சில வட்டாரங்களில் மட்டும்’ என்றிருந்தால் கைப்பையில் ஒரு குடை போதும். அந்த நாள்களில், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வானிலை ஆய்வகம் வெளியிடும் முன்னுரைப்பைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு குறிப்பும் இருக்கட்டும். அச்சாகிக் கைக்கு வரும் செய்தி அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அங் மோ கியோ