புயல் நாட்களில் எங்களுக்குச் சோறு போட்டவர்களுக்கு

வணக்கம்.

எங்கள் தெருமுனை கஃபேயை நடத்தும் அம்மாவுக்கும், அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் நன்றி சொல்லவே இந்த மடல். நேரில் சொல்லிவிட்டோம். ஆனாலும் அயர்லாந்தின் கால்வே பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவர்களைத் தெரிய வேண்டும்.

2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை விடியும் முன்பே ஏயோவின் (Éowyn) என்ற புயல் அடித்தது. கால்வே கடலோரத்து மேஸ் ஹெட்டில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டியது. அயர்லாந்து முழுக்க 7,68,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்கள் தெருவும் இருட்டில் கிடந்தது. இங்கே கரண்ட் போனால் எங்கள் வீட்டில் அடுப்பும் இல்லை, பாய்லர் ஓடாததால் ஹீட்டிங்கும் இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா கம்பளியை விட்டு எழவே இல்லை. குழந்தைக்குப் பால் காய்ச்சக்கூட வழியில்லாமல் தவித்தோம்.

மறுநாள் காலை கஃபேயின் கதவு திறந்திருந்தது. அங்கே கேஸ் அடுப்பு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெரிய பானையில் ஐரிஷ் ஸ்டூ கொதித்துக்கொண்டிருந்தது: ஆட்டுக்கறி, வெங்காயம், உருளைக்கிழங்கு, உப்பு, மிளகு, அவ்வளவுதான். பாதிக் கிழங்கு கரைந்து குழம்பைக் கெட்டியாக்கிவிடும், மீதி முழுசாக நிற்கும். எங்கள் நாக்குக்குக் காரம் போதாது என்று முன்பெல்லாம் நினைத்ததுண்டு. அன்று அந்தச் சூடும் மிளகும் போதுமாக இருந்தது.

என் அம்மா சைவம் என்று தெரிந்ததும் கடைக்கார அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தனிப் பாத்திரம் எடுத்தார். உருளைக்கிழங்கை மசித்து, வெந்த முட்டைக்கோஸும் வெண்ணெயும் போட்டுப் பிசைந்தார். கோல்கேனன் என்பார்கள். நடுவில் குழி பறித்து இன்னும் கொஞ்சம் வெண்ணெய் வைத்து, அது உருகும்வரை பக்கத்திலேயே நின்று, "சாப்பிடுங்கள்" என்று கையாலேயே சைகை காட்டினார். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அங்கே சுட்ட சோடா பிரெட்டுக்கு ஈஸ்ட் வேண்டாம், மாவு பொங்கக் காத்திருக்கவும் வேண்டாம். மோரும் சோடா உப்பும் சேர்ந்தாலே மாவு உப்பிவிடும். அதனால்தான் வரிசையில் நின்ற எல்லாருக்கும் சூடாகப் போட்டுக்கொண்டே இருக்க முடிந்தது. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. கையில் காசில்லாதவர்களின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் ஃபிளாஸ்க்கை வாங்கி தினமும் பால் காய்ச்சி நிரப்பிக் கொடுத்த அந்தக் கல்லூரிப் பையனை எங்கள் வீட்டில் யாரும் மறக்க மாட்டோம்.

ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து ஃபோன் சார்ஜ் போட விட்ட எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும், குளிரில் கம்பம் ஏறிய மின் ஊழியர்களுக்கும் எங்கள் நன்றி.

நண்பர்களே, குளிர்காலத்தில் வார நாட்களில் அங்கே கூட்டம் குறைவு. அந்த நேரம் பார்த்துப் போங்கள். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செய்து தருவார்கள்.

நன்றியுடன்,
கால்வேயிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்