போடி ஜீப்பும் தொலைந்த இரண்டு கேப்பும்

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பட்டறையில் பம்ப் வேலைதான் அதிகம். பையன் சி.என்.சி. வாங்கியே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் பேரிங் குழிகளை ஒரே கோட்டில் குடையும் பழைய லைன் போரிங் பாரை விற்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எஞ்சினில் கிராங்க் தண்டை அடியிலிருந்து தாங்கும் மெயின் கேப் இரண்டு தொலைந்துவிட்டது, என்ன செய்வது என்று நீ கேட்ட கடிதத்தைப் படித்ததும் அது எதற்கு என்று அவனுக்கும் புரிந்துவிட்டது.

அப்பா ஓட்டிய சி.ஜே. 3பி ஜீப்புக்கு அதன் சொந்த ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினையே மாட்ட வேண்டும் என்ற உன் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. மலைக்கு ஏலக்காய் வேலைக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பெல்லாம் டீசலுக்கு மாறிய காலத்தில், இறக்கிய பழைய எஞ்சினை யார் பத்திரப்படுத்தினார்கள்? உன் வீட்டுக் கொட்டகையில் அதன் உடலான பிளாக்காவது மிஞ்சியதே. ஆர்.சி. புக்கில் இன்னும் அந்தப் பழைய எஞ்சின் நம்பர்தான் என்கிறாய். இத்தனை வருஷம் எவரும் போனட்டைத் திறக்கச் சொல்லாதது உன் அதிர்ஷ்டம்!

படத்தில் பார்த்தவரை முன் மெயின் கேப் மட்டும் இருக்கிறது. நடுவிலும் பின்னாலும் காலி. இந்த எஞ்சினுக்கு மெயின் பேரிங்கே மூன்றுதான். சிலிண்டர் விட்டம் 3⅛ அங்குலம், பிஸ்டன் ஓடும் ஸ்ட்ரோக் 4⅜ அங்குலம். 1926-ல் வந்த விப்பெட் காரிலும் இதே அளவுதான். அதை வில்லிஸில் பார்னி ரூஸ் என்ற எஞ்சினியர் தேற்றி 48 குதிரைத்திறனை 60 ஆக்கினார், அது போர்க்கால ஜீப்புக்குப் போனது. பிறகு இன்டேக் வால்வை மட்டும் மேல்மூடியான ஹெட்டுக்கு ஏற்றி ஹரிக்கேன் ஆக்கினார்கள். உயரம் கூடிவிட்டதால்தான் 3பி-க்கு அந்தத் தூக்கிய போனட். மேலே எதை மாற்றினாலும் நீள ஸ்ட்ரோக் கிராங்க்கை கீழே தாங்குவது மூன்றே கேப். அதில் இரண்டு இல்லை என்றால் விளையாட்டு இல்லை.

உன் மெக்கானிக் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. 'வேற பிளாக் கேப்பைப் போட்டு, ஃபைல் பண்ணி, பேரிங் ஷெல்லுக்கு அடியில ஷிம் தகடு வச்சுக்கலாம்' என்பது ஒரு காலத்து முறை. ஃபோர்டு மாடல் ஏ போன்ற வண்டிகளில் பேரிங்கே பிளாக்கில் ஊற்றிய வெள்ளை உலோகம். கேப்புக்கு அடியில் ஷிம்மை எடுத்து, நீல மை தடவி, சுரண்டிச் சுரண்டி உட்கார வைத்தார்கள். ஜீப்புக்கு மெல்லிய ஷெல் பேரிங். அதற்குச் சொந்தமாக வடிவம் கிடையாது, உட்காரும் குழியின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். குழியில் இரண்டு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, மேடு இருந்தால் ஷெல்லிலும் மேடு, அந்த இடத்தில் ஆயில் படலம் அறுந்துவிடும்.

கம்பெனியில் கேப்பை பிளாக்கில் முறுக்கி வைத்துவிட்டுத்தான் மூன்று குழியையும் ஒரே கோட்டில் போர் செய்தார்கள். ஆகவே கேப் என்பது தனி ஸ்பேர் பார்ட் இல்லை, அந்த பிளாக்கின் மறுபாதி. பக்கத்து வீட்டுக் குழவியை நம் ஆட்டுக்கல்லில் போட்டு மாவாட்டிப் பார், தெரியும்.

வேற்று கேப் போடவே கூடாது என்று சொல்லவில்லை. போட்டால் திரும்ப லைன் போரிங் செய்தே ஆகவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கேப் தேடி ஓடுமுன் பிளாக்கைப் பார். இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில்தான் உட்காருகிறது. அந்த சீட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் கிராக் விழுவது சகஜம். கிராக் டெஸ்ட், வாட்டர் ஜாக்கெட் பிரஷர் டெஸ்ட் இரண்டும் முடித்துவிடு. அங்கே வெடிப்பு இருந்தால் கேப்புக்குச் செலவு செய்வது வீண்.

நல்ல பிளாக் என்றால் சென்னையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போ. இப்போதுதான் போடியிலிருந்து சென்ட்ரலுக்கு நேர் ரயில் இருக்கிறதே. கேப் மட்டும் கேட்காதே. சிலிண்டர் உடைந்த ஹரிக்கேன் பிளாக் ஒன்றை முழுசாக வாங்கு, கேப்போடு போல்ட்டும், கேப்பை அதன் இடத்தில் நிறுத்தும் டவல் பின்னும் வந்துவிடும். நடு கேப்பும் பின் கேப்பும் வேறு வேறு, ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. கிடைக்கவே இல்லை என்றால் இங்கே வார்த்துக்கொள்ளலாம், கோவையில் ஃபவுண்டரிக்கா பஞ்சம்? எஸ்.ஜி. அயர்ன் என்கிற உறுதியான வார்ப்பிரும்பில் போடலாம். ஸ்டீல் வேண்டாம். பிளாக் வார்ப்பிரும்பு, கேப் ஸ்டீல் என்று இருந்தால் போரிங் டூல் கடினமான பக்கத்திலிருந்து மெத்தென்ற பக்கத்துக்கு ஒதுங்கும், ஓட்டை வட்டமாக வராது.

கேப் வந்தபின் செய்வதைச் சொல்கிறேன். முதலில் டவல் பின். இந்த கேப்பெல்லாம் டவலில்தான் இடம் பிடித்து நிற்கின்றன, வேறு பிளாக்கின் கேப் மயிரிழை தள்ளி நிற்கும். சுத்தியலால் தட்டி இறக்கக்கூடாது. ரீமர் போட்டு ஓட்டையைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் டவல் வைத்துவிடுவேன். பிறகு கேப்பின் முகத்தை மட்டும் சர்ஃபேஸ் கிரைண்டரில் சில தௌ எடுத்தால் ஓட்டை உயரவாக்கில் சின்னதாகும். பிளாக்கின் முகத்தில் கை வைக்கக்கூடாது. 65 முதல் 75 அடி-பவுண்டு முறுக்குவிசையில் இறுக்கி, பிளாக் பக்கத்து அரை வட்டங்களுக்கு டயல் கேஜ் வைத்து போரிங் பாரை நிறுத்துவேன். அந்த மூன்று அரை வட்டமும் கம்பெனியில் போட்டபடியே இருக்கின்றன, நமக்கு அதுதான் ஆதாரம். வெட்டு முழுக்க கேப் பக்கம் விழவேண்டும். பிளாக் பக்கம் அதிகமாகத் தின்றால் கிராங்க் மேலே ஏறி டைமிங் கியர் இறுகிச் சத்தம் போடும், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நேர்க்கோடும் கெடும். முன் கேப் பழசுதான் என்றாலும் அதிலும் இரண்டு தௌ எடுத்து மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடிப்பேன்.

ஓட்டை திரும்ப ஸ்டாண்டர்டு அளவுக்கே வரவேண்டும். கிராங்க் கிரைண்டிங் செய்து 10, 20 தௌ அண்டர்சைஸ் ஷெல் வாங்கினாலும் மாறுவது ஷெல்லின் உள்பக்கம்தான், வெளிப்பக்க அளவு ஒன்றே.

பின் கேப்தான் படுத்தும். அதில் ஆயில் சீல் பள்ளமும் இருக்கிறது. முகம் தேய்ந்த அளவுக்கு அந்தப் பள்ளமும் மேலே ஏறியிருக்கும், அதையும் சரிபார்க்க வேண்டும். கேப்பின் இரு பக்கமும் போகும் ரப்பர் பேக்கிங் கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அசிங்கமாக இருக்கிறதென்று பிளேடால் வெட்டிவிட வேண்டாமென்று உன் மெக்கானிக்கிடம் சொல். அடியில் ஆயில் சம்ப் மாட்டும்போது அது நசுங்கித்தான் ஆயிலை அடைக்கும்.

பார்சல் லாரியில் அனுப்பும்போது முன் கேப்பை அதன் போல்ட்டோடு முறுக்கியே அனுப்பு, சாக்கில் தனியாகப் போட்டால் அதுவும் காணாமல் போகும். கிராங்க்கையும் சேர்த்து அனுப்பு. அதில் பேரிங்கில் சுழலும் பகுதியான மெயின் ஜர்னல் புதிதில் 2.333 அங்குலம் சொச்சம், இப்போது எவ்வளவு என்று அளக்காமல் ஷெல் வாங்கிவிடாதே. கிராங்க்கை ஆயில் துணி சுற்றி நிமிர்த்திக் கட்டச் சொல்.

வேலைக்குக் கூலி கேட்கமாட்டேன். எட்டு மில்லிமீட்டர் ஏலக்காய் ஒரு கிலோ போதும், ஏலத்தில் கழித்துப் போட்டதை அனுப்பினாயானால் தங்கச்சியிடமே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்