குட்டை அலையில் பாய் பிடிக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மியும் பறக்கும் ஆடிக்காற்றில் நீயும் நண்பர்கள் மூவரும் மல்லிப்பட்டினத்துக் கரையில் நிற்கும் மனோரா கோபுரத்துப் பக்கம் விண்ட்சர்ஃபிங் பலகையை, அதாவது பாய் கட்டிக் காற்றில் ஓட்டும் பலகையை, இறக்கப் போகிறீர்கள் என்று கேட்டதும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தட்டைத் தண்ணீரில் நீ நன்றாகவே ஓட்டுவாய். அங்கே இருப்பது வேறு தண்ணீர். அதன் குணம் பிடிபட்டுவிட்டால் அப்படி ஓர் ஆனந்தம் எதிலும் இல்லை. பிடிபடாவிட்டால் பத்தே நிமிடத்தில் முன்கை இரண்டும் கல்லாகிவிடும்.

பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். தெற்கே இருந்து வரும் பெரிய அலைகளை இலங்கையும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் மறித்துவிடும். அங்கே எழுவதெல்லாம் அன்றன்றைய காற்று கிளப்பும் அலை. அது நீளமாக உருண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் முதுகில் ஒன்றாக வரும். பலகையின் மூக்கு ஒன்றிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது முட்டும்.

இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரை கிழக்கே பார்த்தது. மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தால் நேராக வங்கக் கடலுக்குள் தள்ளிவிடும். கோடியக்கரையைச் சுற்றி வந்தால், அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடையில் கரை தென்கிழக்கு பார்க்கிறது. தென்மேற்குக் காற்று கரையை ஒட்டியே ஓடும். போகவும் வரவும் ஒரே மாதிரி வசதி. காற்று கொஞ்சம் தெற்கிலிருந்து வந்தால் இன்னும் நல்லது, விழுந்தாலும் கரைப்பக்கமே ஒதுக்கும். அது மேற்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டால் மட்டும் யார் சொன்னாலும் இறங்காதே. தோப்பு மறைவில் கரையோரம் காற்று சாதுவாகத்தான் தெரியும். 200 மீட்டர் தள்ளிப் போனபிறகுதான் அதன் உண்மையான பலம் தெரியும்.

உன் 75 கிலோ எடைக்கு, 18 முதல் 20 நாட் காற்றில் (மணிக்கு 33 முதல் 37 கிலோமீட்டர்) 5.5 சதுர மீட்டர் பாய் போதும். தட்டைத் தண்ணீரில் இதே காற்றுக்கு ஆறு கட்டியிருப்பாய். இங்கே அந்த ஆசை வேண்டாம். பலகையும் 105 லிட்டர் சுற்றுவட்டத்தில் இருக்கட்டும். அகலப் பலகை ஒவ்வொரு அலையிலும் அறை வாங்கும். பாயின் அடிக்கயிற்றை நன்றாக இழு: பாயை விறைப்பாக வைக்கும் குச்சிகளில் மேலிருந்து இரண்டாவது வரை பின்விளிம்பு தளர்ந்து படபடக்க வேண்டும். திடீர்க் காற்று அந்த வழியாகக் கழிந்துவிடும். இழுவை போதாத பாய் கரையில் பார்க்க வழுவழுவென்று அழகாக இருக்கும். தண்ணீரில் பின்கையைப் பிய்த்து எடுக்கும். பாய்மர அடியை வழக்கத்தைவிட ஓரிரு சென்டிமீட்டர் முன்னே நகர்த்து, மூக்கு அடங்கி ஓடும். பூம், அதாவது பாயைப் பிடிக்கும் கைப்பிடிக் குழாய், தோளுக்கும் மோவாய்க்கும் நடுவில் இருக்கட்டும்.

இனி ஃபின், அதாவது பலகையின் வாலுக்கு அடியில் நீருக்குள் நிற்கும் துடுப்பு. அந்தக் கடலின் அடியெல்லாம் கடற்புல். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற இடம். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டரை அரசு ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது அதற்காகத்தான். அறுந்து மிதக்கும் புல், நேராக நிற்கும் ஃபினில் ரிப்பன் சுற்றியதுபோல் மடிந்துகொள்ளும். முதலில் வேகம் குறையும். பாயில்தான் கோளாறு என்று நினைப்பாய். பிறகு பின்காலுக்கு அடியில் லேசாக ஓர் அதிர்வு. அடுத்த அலையில் வால் சட்டென்று காற்றோடு பக்கவாட்டில் வழுக்கிவிடும். பின்னோக்கி நன்கு சாய்ந்த, புல்லுக்கென்றே செய்த ஃபின் வாங்கு. புல் அதில் தங்காமல் நழுவிவிடும். ஆழம் முழங்காலுக்குக் கீழே போனால் இறங்கி நடந்துவிடு. ஃபின் புல்லை வேரோடு பிடுங்கக் கூடாது. செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நட, மணலில் படுத்திருக்கும் திருக்கை விலகிவிடும்.

ஓட்டும்போது கையை நீட்டி வை, இடுப்பில் கட்டிப் பூமோடு கொக்கியால் மாட்டும் ஹார்னஸ் பட்டையில் உடம்பை முழுதாகத் தொங்கவிடு. எடை பாய் வழியாகப் பாய்மர அடிக்கு இறங்கினால்தான் மூக்கு படியும். முழங்காலைப் பூட்டாதே. அலை தூக்கும்போது கால் மடங்கட்டும், இறங்கும்போது நீளட்டும். தலை மட்டும் ஒரே மட்டத்தில் போகவேண்டும். கண் பலகை மூக்கில் இருக்கக் கூடாது, இரண்டு அலைக்கு அப்பால் இருக்கட்டும். எந்த முகட்டையும் நேராக முட்டாதே, கொஞ்சம் சாய்வாக வெட்டிப் போ. குதிக்குதே என்று பயந்து பாயைத் திறந்தாயோ, இடுப்பின் எடை காலுக்கு வந்துவிடும், பலகை இன்னும் துள்ளும். வேகம்தான் இங்கே சமநிலை. சரியாக அமைந்துவிட்டால் அடியில் தடதடவென்று ஒரே சீரான தாளம் கேட்கும். பலகை முகடுகளை மட்டும் தொட்டுத் தொட்டுப் போகிறது என்று அர்த்தம். அதற்காகத்தான் இவ்வளவும்.

மூக்கு குத்தி முன்னால் தூக்கி எறியப்பட்டால் பூமை விடாதே. விட்டால் பாய்மரத்தின் மேல் மோதுவாய். திரும்பும்போது இரண்டு அலைக்கு நடுவே தட்டையான இடத்தைப் பார்த்துக்கொண்டு கொக்கியை முன்கூட்டியே கழற்று.

நால்வரில் ஒருவர் எப்போதும் கரையில் இருக்கட்டும், முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள். 1814-இல் சரபோஜி மன்னர் கட்டத் தொடங்கிய அந்த உயரமான மனோராவையும் அதற்கு முன்னால் நிற்கும் ஏதாவது ஒரு தென்னையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார். கோடு விலகினால் நீரோட்டம் இழுக்கிறது என்று தெரிந்துகொள். இரு கையையும் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தித் தாழ்த்தினால் உதவி தேவை என்று பொருள், நால்வரும் பழகிக்கொள்ளுங்கள். என்ன உடைந்தாலும் பலகையை விட்டு நீந்தாதே. நண்டு வலை கட்டிய மிதவையும் கொடிக்கம்பும் தெரிந்தால் காற்றின் கீழ்ப்பக்கமாகவே ஒதுங்கிப் போ. மேல்பக்கம் போய் விழுந்தால் காற்று உன்னை வலை மேலேயே கொண்டுபோய்ப் போடும். அது ஒரு குடும்பத்தின் அன்றைய கூலி. இறங்கும் முன் கரையில் இருக்கும் மீனவர்களிடம் வலை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிடு.

முந்தின நாளே பாய்மர அடியில் உள்ள ரப்பர் இணைப்பை இரண்டு பக்கமும் மடக்கி வெளிச்சத்தில் பார். ஆணிக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடு. ஃபின் திருகு ஒன்று கூடுதலாக எடுத்து வா, அந்த மணலில் விழுந்தால் கிடைக்காது.

அன்புடன்,
அண்ணன்