அம்மாவுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் அம்மா மறைந்தபின் நேரில் வந்தவர்கள், தொலைபேசியில் பேசியவர்கள், கடிதம் எழுதியவர்கள் அனைவருக்கும் தனித்தனியே பதில் எழுத எண்ணியிருந்தோம். இயலவில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோர் சார்பிலும் இந்த மடல்.

அம்மா பண்ணையில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே பால் கறக்கக் கற்றவர். பிறருக்கு உதவுவதென்றால் முதல் ஆளாக நிற்பார்; பிறர் உதவ வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவரை, அவர் மனம் கோணாமல், கடைசிவரை பார்த்துக்கொண்டீர்கள். அது எவ்வளவு கடினம் என்பது பெற்ற பிள்ளைகளான எங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கவனித்த செவிலியருக்கு முதல் நன்றி. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தொடக்கத்தில் அம்மா ஒத்துழைக்கவே இல்லை. அந்தப் பெண் பொறுமையாகக் காரணத்தை விளக்கியதும், “அடைமுட்டையைப் புரட்டுவது மாதிரியா?” என்று கேட்டார். அடைகாக்கும் கோழி முட்டைகளை அலகால் அடிக்கடி புரட்டிவிடும். இல்லாவிட்டால் உள்ளே வளரும் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். குஞ்சு பொரிக்க ஆகும் 21 நாளில் பெரும்பகுதி அதற்கு இதே வேலைதான். மறுநாளிலிருந்து அந்தச் செவிலியர் “கோழி வந்துவிட்டது” என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் நுழைவார். அதற்குப்பின் அம்மா ஒருநாளும் முரண்டு பிடிக்கவில்லை.

இயன்முறை மருத்துவர் முதலில் கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். அது கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அவர் கோபித்துக்கொள்ளாமல், அம்மாவின் கைக்குப் பழகிய வேலை எது என்று எங்களிடம் விசாரித்து, காய்ந்த நெற்றுகளை உரிக்கக் கொடுத்தார். விரல்கள் அசையத் தொடங்கின. அதோடு நின்றாரா அம்மா? உரித்த விதையில் பத்தை ஈரத்துணியில் சுருட்டி, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்து, “எட்டுக்குக் குறைந்தால் நெருக்கி விதைக்க வேண்டும்” என்று அவருக்கே பாடம் நடத்தினார். ஒரு பொட்டலம் விதையோடுதான் அவரை அனுப்பிவைத்தார்.

மருத்துவருக்கு, உண்மையைச் சொன்னதற்காக நன்றி. “அடுத்த விதைப்பைப் பார்ப்பேனா?” என்று அம்மா கேட்டபோது, “சந்தேகம்தான், அம்மா” என்றார். எங்களில் சிலருக்கு அன்று அவர்மேல் வருத்தம். ஆனால் அன்று மாலையே அம்மா எந்த மாடு யாருக்கு என்று பிரித்துச் சொல்லிவிட்டார். மழுப்பியிருந்தால் அதற்கு வாய்த்திருக்காது.

தொழுவத்தைப் பார்த்துக்கொண்ட பக்கத்துப் பண்ணைத் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது? நள்ளிரவில் சினைமாடு கன்று ஈனத் திணறியபோது அவர் தொலைபேசியில் அழைத்தது எங்களை அல்ல, அம்மாவைத்தான். முன்னங்கால் இரண்டும், அவற்றின்மேல் மூக்கும் தெரிகிறதா என்று அம்மா கேட்டார். தெரிந்தது. “அது முக்கும்போது மட்டும் இழு. அது ஓய்ந்தால் நீயும் ஓய்ந்திரு” என்றார். கன்று நல்லபடியாக வெளியே வந்தது. பிறந்த கன்றுக்கு நோய் எதிர்ப்பாற்றல் சீம்பாலில்தான் கிடைக்கிறது, அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். ஆகவே கன்று குடித்துவிட்டது என்ற செய்தி வரும்வரை அம்மா தூக்கமாத்திரையைத் தொடவில்லை. நோய் வந்தபின் அவரை அவ்வளவு மகிழ்ச்சியாக நாங்கள் பார்த்ததில்லை. தம்பி, அந்தப் பசுவும் கன்றும் உங்களுக்கு என்று அம்மா சொல்லியிருக்கிறார். மறுக்காதீர்கள்.

தொலைபேசியில் விதவிதமாக வைத்தியம் சொன்ன அன்பர்களுக்கும் நன்றி. அவற்றில் எதையும் நாங்கள் செய்துபார்க்கவில்லை.

சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் பாத்திரங்கள் கழுவித் துடைத்துத் திண்ணையில் அடுக்கியிருக்கின்றன. பலவற்றில் பெயர் இல்லை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அருகிலேயே அம்மா உரித்த விதைகளும் பொட்டலம் பொட்டலமாக இருக்கின்றன. முளைப்பு பார்த்தவைதான், வேண்டியதை எடுத்துப்போங்கள்.

இப்படிக்கு,
அம்மாவின் பிள்ளைகள்