பஸ்ஸில் ஏறுவதற்கு முன்

அன்புள்ள கயலுக்கு,

உன் வகுப்பைச் சுற்றுலா கூட்டிப்போக நேற்று நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டி நிதானமாகத்தான் படித்தாக வேண்டும். அதனால்தான் கடிதம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 44 பேர், இரண்டு நாள், ஒன்பது இடம். என் முதல் வருஷத்தில் நானும் இதைத்தான் செய்தேன். இடத்துக்கு ஒரு வொர்க்‌ஷீட் வேறு. அமெரிக்க விடுதலையின் சின்னமான லிபர்ட்டி பெல் முன்னால் நின்றுகொண்டு பிள்ளைகள் எல்லாரும் குனிந்து விடை எழுதிக்கொண்டிருந்தார்கள். மணியை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேள்வித்தாளை அடித்தது நான்தான், யாரைக் குறை சொல்ல?

சென்னையில் நான் ஏழாவது படிக்கும்போது கோட்டை மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கார்ன்வாலிஸ் என்ற ஆங்கிலேயத் தளபதிக்கு ஒரு பெரிய பளிங்குச் சிலை. பீடத்தில் திப்பு சுல்தானின் பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி செதுக்கியிருக்கும். "தொடாதே, வரிசையில் நில்லு" என்பதுதான் அன்றைய பாடம். பல வருஷம் கழித்து இங்கே டீச்சர் பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் தெரிந்தது, இந்த மனிதர் அமெரிக்க விடுதலைப் போரில், 1781 அக்டோபரில், யார்க்டவுனில் வாஷிங்டனிடம் படையோடு சரணடைந்தவர் என்று. அந்தச் சடங்குக்குக்கூட உடம்பு சரியில்லை என்று தான் வராமல், கீழ் அதிகாரியை அனுப்பிவைத்தார். ஐந்தே வருஷத்தில் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரல்! சிலையைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. நம் டீச்சராவது சொல்லியிருக்கலாம்.

நீ அதைச் செய். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாதது எதுவோ, அதை வகுப்பிலேயே கொடுத்து அனுப்பு.

பிலடெல்பியாவில் லிபர்ட்டி பெல்லுக்குப் பக்கத்திலேயே, வாஷிங்டன் ஜனாதிபதியாகக் குடியிருந்த வீடு இருந்த இடம் இருக்கிறது. வீட்டை இடித்து ரொம்பக் காலம் ஆயிற்று. அங்கே போவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் ஒரே ஒரு காகிதத்தைக் கொடுப்பேன். 1796 மே மாதம் பத்திரிகையில் வந்த விளம்பரம். ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண் ஓடிப்போய்விட்டாள். முகத்தில் நிறையப் புள்ளி, கருகரு கண்கள், விதவிதமாக நல்ல துணிமணி வைத்திருக்கிறாள், பிடித்துக் கொடுத்தால் பத்து டாலர். அவள் ஓடுவதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை என்றும் அதில் எழுதியிருக்கும். யார் வீட்டிலிருந்து ஓடினாள் என்பதை மட்டும் மை தடவி மறைத்துவிடுவேன். "காரணமே இல்லையாமா?" என்று யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கும். அதுவரை வாயைத் திறக்காதே.

அப்புறம் கணக்கு. பென்சில்வேனியாவின் 1780-ஆம் வருஷச் சட்டப்படி, வெளி மாநிலத்தார் கொண்டுவந்த அடிமை தொடர்ந்து ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். அதனால் ஆறு மாதம் முடியுமுன் தன் வீட்டு அடிமைகளை மாநில எல்லை தாண்டி அனுப்பி, திரும்ப அழைத்துக்கொள்வார் வாஷிங்டன். கேலண்டரைக் கையில் கொடுத்து எண்ணச் சொல். எண்ணி முடித்த பிறகு மறைத்த பெயரைக் காட்டு.

மார்த்தா வாஷிங்டனின் பேத்திக்குக் கல்யாணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஓனா ஜட்ஜ் வெளியே நடந்துவிட்டாள். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போனாள். ஆள் விட்டுப் பார்த்தார்கள், திரும்பவே இல்லை. வாஷிங்டன் உயிலில் தன் அடிமைகளுக்கு விடுதலை எழுதிவைத்தார். ஓனாவோ மார்த்தாவின் முதல் கணவர் சொத்தில் சேர்ந்தவள், அது அவளுக்குப் பொருந்தாது. 1848-இல் சாகும்வரை சட்டப்படி அவள் ஓடிப்போன அடிமைதான். நான் கூட்டிப்போனபோது அங்கே சுவரில் ஒன்பது பேர் பெயர் பொறித்திருந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி ஓனாவின் பெயரை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். பஸ் பத்து நிமிஷம் தாமதம். பரவாயில்லை.

இதற்காக வாஷிங்டனை வில்லனாக்கிவிடாதே. விடுதலைக்குப் போராடிய 1776-ஐயும் ஓனாவைத் தேடிய 1796-ஐயும் ஒரே மனிதருக்குள் வைத்துப் பார்க்கப் பதின்மூன்று வயது போதும். பெற்றோர் யாராவது சண்டைக்கு வந்தால் அந்த விளம்பரத்தையே காட்டு.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களமான கெட்டிஸ்பர்க்கில் பேசவே வேண்டாம், நட. பார்த்தால் பிக்னிக் போகிற புல்வெளி மாதிரிதான் இருக்கும். 1863 ஜூலை 3-ஆம் தேதி ஏறக்குறைய 12,500 தென் மாநிலச் சிப்பாய்கள் கிட்டத்தட்ட ஒரு மைல் வெட்டவெளியை நடந்து கடந்தார்கள், எதிரே பீரங்கி. ஒரு மணி நேரத்துக்குள் பாதிப் பேர் செத்தோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். பிள்ளைகளைத் தோளோடு தோள் வரிசையாக நிறுத்தி நடக்கவிடு. நடுவில் ரோடு வந்ததும் ஒருவர் விட்டு ஒருவரை உட்காரச் சொல். ஒரு வருஷம் இரண்டு அரட்டைப் பையன்கள். ஒருவன் உட்கார்ந்தான், இன்னொருவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "நட" என்றேன். மேட்டில் போய்ச் சேரும்வரை அவன் பேசவில்லை. (பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகச் சொல். புல்லில் உண்ணி அதிகம்.)

கல்லறைத் தோட்டத்தில் பெயர் தெரியாதவர்களுக்கு வெறும் எண் போட்ட சின்னச் சின்னப் பளிங்குக் கட்டைகள்தான். அந்த வரிசைப் பக்கம் நின்று, லிங்கன் அங்கே பேசிய பேச்சைப் படிக்கச் சொல். கிட்டத்தட்ட 270 சொல்தான், இரண்டே நிமிஷம். நீ படிக்காதே, பிள்ளை படிக்கட்டும். திக்கினாலும் திருத்தாதே.

சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதவர்கள் பட்டியலை வகுப்புக் கதவில் ஒட்டிய பள்ளியில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அன்று ஒரு பையன் பின்வாசல் வழியாக வந்தான். அந்தப் பட்டியல் உன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒன்பது இடத்தில் ஆறை வெட்டு. நினைவுப்பொருள் கடையை மட்டும் வெட்டாதே, கலகம் வரும்.

பார்சலில் என் பழைய விளம்பர நகல் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கும், புதிதாக நகல் எடுத்துக்கொண்டு இதைப் பத்திரமாக வை. கூடவே ஒரு பொட்டலம் இஞ்சி மரப்பா. பிள்ளைகளுக்குக் கொடுக்காதே, அலர்ஜி அது இது என்று வரும். அது உனக்கு. பஸ்ஸில் முதலில் வாந்தி எடுப்பது யார் என்று எனக்குத் தெரியாதா?

அம்மா